இறுகிய போல்ட், உள்ளே உடைந்த ஸ்டட்: பழைய கார் இன்ஜின் பிரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பழைய மாருதி 800 மாதிரி வண்டிகளை விற்க மனசில்லாமல் வைத்திருப்பவர்களும், அவற்றைத் தாங்களே பிரித்துச் சரிசெய்ய நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. அவசரம் என்றால் உங்கள் போல்ட் இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்தக் கேள்விக்கு நேரே போய்விடலாம். ஆனால் இரண்டாவது கேள்வியை மட்டும் தாண்டாதீர்கள். பாதிப் போல்ட்கள் உடைவது அது தெரியாமல் கை வைப்பதால்தான்.

போடும்போது விரலாலேயே ஏறிய போல்ட், இருபது வருடம் கழித்து ஏன் அசைய மறுக்கிறது?

முதல் குற்றவாளி துரு. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். போல்ட் மரைக்கும் துளை மரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ கண்ணுக்கே தெரியாத அளவு. அங்கே துரு பெருத்தால் போக இடமில்லாமல் இரு பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அலுமினியத்தில் இரும்பு போல்ட் ஏறியிருக்கும் இடங்களில் கதை வேறு. பத்மினி, மாருதி 800 இரண்டிலும் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) வார்ப்பிரும்பு, ஹெட் (அதை மேலே மூடும் பாகம்) அலுமினியம். இந்த இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அரிபடுவது அலுமினியம்தான், போல்ட் அல்ல. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை (ரேடியேட்டர் ஹோஸ் மாட்டும் அலுமினிய மூடியை) கழற்றும்போது போல்ட்டைச் சுற்றி வெள்ளையாக, சுண்ணாம்புப் பொடி போல ஒன்று உதிருமே, அதுதான் அது. கூலன்ட் ஊற்றாமல் போர்வெல் தண்ணீரிலேயே காலம் தள்ளிய வண்டிகளில் இது ரொம்ப மோசமாக இருக்கும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாயை) பிடித்திருக்கும் ஸ்டட்களுக்கு, அதாவது தலை இல்லாமல் இரு முனையிலும் மரை உள்ள போல்ட்களுக்கு, இன்னொரு தொல்லை. தினமும் பல நூறு டிகிரி சூடேறி ஆறுவதால் மேல்தோல் கருகிச் செதிலாகும், ஸ்டட்டும் மெலியும். பத்து மில்லிமீட்டர் ஸ்பானர் வைக்க வேண்டிய நட்டு, ஒன்பதும் இல்லாத, பத்தும் இல்லாத ஒரு துருக்கட்டியாக நிற்பது இங்கேதான்.

இறுகிய போல்ட்டில் கை வைப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

எங்கே பிடித்திருக்கிறது என்று. ஒரு போல்ட் மூன்று இடத்தில் பிடிக்கலாம்: தலைக்கு அடியில், மரை இல்லாத நடுத்தண்டில், மரையில். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

தலைக்கு அடியில் என்றால் பெயின்ட்டும் துருவும் வாஷரோடு சேர்த்து ஒட்டியிருக்கும். தலையின் மேல் சுத்தியலால் நேராக நாலு அடி அடித்தாலே விட்டுவிடும். தெர்மோஸ்டாட் ஹவுசிங், வாட்டர் பம்ப் மாதிரி நீளமான போல்ட் போகும் அலுமினியப் பாகங்களில் பெரும்பாலும் பிடித்திருப்பது நடுத்தண்டு. மரை உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். இங்கே மரைக்கு எண்ணெய் விட்டு என்ன பயன்? ஹவுசிங்கின் காதுப் பகுதியைச் சூடாக்கி, அதைப் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, வெள்ளைப் பொடியை உடைக்க வேண்டும். இந்த வகைப் போல்ட்டில் தலை உடைந்துபோனால்கூடத் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டாம். ஹவுசிங்கை மேலே உருவி எடுத்துவிட்டால் நீளமான தண்டு கைக்குக் கிடைக்கும். வைஸ் கிரிப் (கவ்வியபடி பூட்டிக்கொள்ளும் குறடு) வைத்துத் திருப்பினால் பல நேரம் சாதாரணமாகவே கழன்று வரும்.

மேனிஃபோல்டில் வேறு கேள்வி: நட்டு ஸ்டட்டோடு பிடித்திருக்கிறதா, ஸ்டட் ஹெட்டோடு பிடித்திருக்கிறதா? நட்டைத் திருப்பும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றுகிறதா என்று ஸ்டட் நுனியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். சேர்ந்து சுற்றினால் சந்தோஷப்படுங்கள், ஸ்டட்டோடு வெளியே வந்துவிடும். கோடு கொஞ்சம் நகர்ந்து, ஸ்பானரை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பினால் நிறுத்துங்கள். ஸ்டட் திருகிக்கொண்டிருக்கிறது, கழலவில்லை.

உடையப் போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும், கை சொல்லும். நல்லபடியாகக் கழலும் போல்ட் முதலில் "டக்" என்று ஒரு சத்தத்தோடு விடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கால் சுற்றுக்கும் கிறீச்சிட்டாலும், பிடி ஒரே சீராகவோ குறைந்துகொண்டோ வரும். உடையப் போகும் போல்ட் அப்படியில்லை. சத்தமே இல்லாமல் மெத்தென்று இழுபடும். ஸ்பானர் நகரும், ஆனால் பிடி குறையாது. அந்த மெத்தென்ற உணர்வு வந்த நொடியில் திரும்ப முடுக்குகிற திசையில் கொஞ்சம் தள்ளுங்கள். பிறகு எண்ணெய், பிறகு சூடு, பிறகு முன்னும் பின்னுமாக அசைப்பு. ஒரே மூச்சில் கழற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒரு கணக்கு சொன்னால் புரியும். எம்6 போல்ட்டை (எம் எண் என்பது மில்லிமீட்டரில் விட்டம்) முடுக்க வேண்டிய அளவே சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். ஓர் அடி நீள ஸ்பானரின் நுனியில் மூன்றரை கிலோ எடை தொங்கவிட்டதற்குச் சமம். அதில் இரண்டடி பைப்பைச் செருகி உடம்பைச் சாய்த்தால் உடையாமல் என்ன செய்யும்? பைப் போடுவது சக்கர நட்டுக்கு. எம்6, எம்8 பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

என்ன எண்ணெய் விடலாம்? டபிள்யூ.டி.-40 போதுமா?

டபிள்யூ.டி.-40 முதலில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கியது. டபிள்யூ.டி. என்பதன் விரிவே (வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்) அதைத்தான் சொல்கிறது. லேசான துருவுக்குப் போதும். கெட்டியாகப் பிடித்ததற்குத் துரு ஊடுருவும் எண்ணெய் என்று தனியாக விற்பது மேல். பட்டறைகளில் மண்ணெண்ணெய், டீசல், பிரேக் ஆயில் எல்லாமே ஓடுகின்றன. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சமபங்கு கலந்து விடுவதும் நன்றாகவே வேலை செய்யும். இரண்டும் ஒட்டாமல் பிரிந்து நிற்கும் என்பதால் விடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பெயின்ட்டைத் தின்னும், நெருப்பைக் கண்டால் பிடித்துக்கொள்ளும்.

உண்மையில் எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம். இன்று மாலை விட்டு, போல்ட் தலையில் தட்டி, இரவில் ஒருமுறை விட்டு, காலையில் ஒருமுறை விட்டுப் பிறகு ஸ்பானரைத் தொடுங்கள். தட்டுவது ஏன் என்றால், அந்த அதிர்வில் துருவில் மெல்லிய விரிசல் விழும், எண்ணெய் அதன் வழியாக இறங்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: அடைபட்ட துளையில் இருக்கும் போல்ட்டுக்கு மேலிருந்து மட்டும்தான் எண்ணெய் போகும். மறுபக்கம் திறந்த துளை என்றால் அந்தப் பக்கத்திலிருந்தும் விடுங்கள், வேலை பாதியாகும்.

கோக் ஊற்றினால் கழலும் என்கிறார்களே?

அதில் பாஸ்பாரிக் அமிலம் கொஞ்சம் உண்டு, மேலாக இருக்கும் துருவைக் கரைக்கும். மரைக்குள் இறங்கி எதையும் சாதிக்காது, சர்க்கரைப் பிசுக்குதான் மிஞ்சும். வெயிலுக்குக் குடித்துவிடுங்கள்.

சூடு காட்டலாமா? எதைச் சூடாக்குவது?

காட்டலாம், காட்ட வேண்டும். இறுகிய போல்ட்டுக்குச் சூட்டைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் எந்த உலோகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து முறை மாறும்.

அலுமினியம், அதே சூட்டுக்கு இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். எம்8 போல்ட் இருக்கும் அலுமினியப் பாகத்தை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், துளை போல்ட்டைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு அதிகமாக விரியும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த வெள்ளைப் பொடியின் பிடியை உடைக்க அது போதும். ஹீட் கன் வைத்துச் சுற்றியிருக்கும் அலுமினியத்தைச் சூடாக்குங்கள். ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் சுரீர் என்று பொரிய வேண்டும். கேஸ் கட்டிங் டார்ச்சை அலுமினியத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இரும்பு மாதிரி அது சிவந்து எச்சரிக்காது. சுமார் 660 டிகிரியில் (கலப்பு உலோகம் என்றால் அதற்கும் முன்பே) பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒழுகிவிடும்.

அம்பாசடரின் பழைய 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. இங்கே டார்ச் பிடிக்கலாம். நட்டு என்றால் நட்டை மட்டும் சிவக்கவிட்டுச் சூட்டோடு திருப்புங்கள். ஸ்டட் என்றால் ஸ்டட்டையே சிவக்கவிட்டு ஆறவிடுங்கள். சூட்டில் விரியப் பார்க்கும் ஸ்டட்டைச் சுற்றியுள்ள இரும்பு விடாது. அதனால் உள்ளுக்குள்ளேயே நசுங்கி, ஆறும்போது முன்பிருந்ததைவிடச் சற்றுச் சிறுத்துப்போகும். கைச்சூட்டைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும்போது மெழுகுவர்த்தியை அதன் மேல் தேயுங்கள். உருகிய மெழுகு எண்ணெய் போகாத இடத்துக்கும் இறங்கும். சூடான வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் ஊற்றி ஆறவைப்பது மட்டும் கூடாது. விரிசல் விட்டால் ஹெட்டே போச்சு.

நெருப்புப் பிடிப்பதற்கு முன் பெட்ரோல் லைன், கார்புரேட்டர் இரண்டையும் பாருங்கள். எல்.பி.ஜி.க்கு மாற்றிய வண்டி என்றால் டார்ச், வெல்டிங் எல்லாம் இன்ஜினையோ ஹெட்டையோ இறக்கி வெளியே வைத்துத்தான். பிரேக் கிளீனர் அடித்த இடத்தை நன்றாகக் காயவிடாமல் சூடாக்காதீர்கள். குளோரின் சேர்ந்த கிளீனர் சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

போல்ட் தலை வழுக்கிவிட்டது. ஸ்பானர் பிடிக்கவில்லை.

முதலில் ஏன் வழுக்கியது என்று பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் போல்ட்டும் இதே கதிக்கு ஆளாகும். அம்பாசடரில் இரண்டரை நூல் (5/16 அங்குல) போல்ட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். கையில் கிடைத்த 13 ஸ்பானரை வைத்தால் ஏறத்தாழப் பொருந்துவது போலத்தான் இருக்கும், இறுகிய போல்ட்டில் மூலையை வழித்துவிடும். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பானரும் இதற்கு ஆகாது. ஆறு மூலை சாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே சங்கதியைத் திருப்பிப் பயன்படுத்தலாம். வழுக்கிப்போன 13 மில்லிமீட்டர் தலையில் அரை அங்குல சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் கவ்விப் பிடிக்கும். அடிக்கிற அதிர்வும் துருவுக்கு நல்லது. அதுவும் ஆகவில்லையென்றால் தலையின் ஓரத்தில் உளியால் ஒரு வெட்டுப் போட்டு, கழலும் திசையில் சாய்வாக அடிப்பது பழைய முறை. நட்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், உளியாலோ நட்டு ஸ்பிளிட்டராலோ பிளந்துவிடுங்கள். நட்டு நாலு காசு, ஸ்டட்டைக் காப்பாற்றுவதுதான் வேலை.

இம்பாக்ட் கன் பயன்படுத்தலாமா?

குறைந்த வேகத்தில், விட்டு விட்டு என்றால் நல்லது. அதன் தட்டல் துருவை உடைக்கும். முழு வேகத்தில் அழுத்தினால் எம்8 போல்ட் கணத்தில் துண்டாகும். எம்6க்கு வேண்டவே வேண்டாம்.

ஸ்டட் ஹெட்டின் மட்டத்திலேயே உடைந்துவிட்டது. பிடிக்க எதுவுமே இல்லை. இப்போது?

என் முதல் ஓட்டு எப்போதும் வெல்டிங்குக்குத்தான். டிரில் கடைசி. பட்டறைகளில் உடைந்த உடனே டிரில் மெஷினைத் தேடுவார்கள். சட்டென்று ஏதோ செய்கிற திருப்தி அதில் கிடைக்கும், அவ்வளவுதான். வெல்டிங் சரியாக வராவிட்டால் திரும்பச் செய்யலாம். கோணலாகப் போட்ட துளையைத் திரும்ப மூட முடியாது.

மாருதி 800 ஹெட்டில் எம்8 எக்ஸாஸ்ட் ஸ்டட் உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டி (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) என்றால் கம்ப்யூட்டரின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். உடைந்த முகத்தை வயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேயுங்கள், எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. துத்தநாகப் பூச்சு இல்லாத கறுப்பு நட்டு ஒன்றை அதன் மேல் நடுவாக வையுங்கள். பூச்சுள்ள நட்டை வெல்டு செய்தால் வரும் வெள்ளைப் புகை, இரவில் காய்ச்சலாக வந்து நிற்கும். எம்8 ஸ்டட்டுக்கு எம்10 நட்டு வைத்தால் உள்ளே நெருப்பு போக இடம் தாராளமாக இருக்கும்.

மிக் வெல்டிங் என்றால் வயரை நட்டின் நடுவே நேராக இறக்கி, முதலில் உடைந்த ஸ்டட்டின் மையத்தில் தீப்பொறியைப் பிடித்து, அங்கே குளம் கட்டவிட்டு, பிறகு மெல்லச் சுற்றி மேலேறி நட்டின் சுவரோடு சேர்க்க வேண்டும். நட்டிலிருந்து தொடங்கினால் மேலே அழகாக ஒட்டியிருக்கும், அடியில் ஸ்டட்டைத் தொட்டிருக்கவே மாட்டாது. அலுமினியத்தில் தெறிக்கும் இரும்பு அதோடு ஒட்டாது என்பது இங்கே நமக்குச் சாதகம். மட்டத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே உடைந்த ஸ்டட்டைக்கூட இப்படி மேலே கட்டி எழுப்பலாம். வார்ப்பிரும்பில் அந்தச் சலுகை கிடையாது. துளையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடம் கண்ணாடி போல் கெட்டிப்படும். அங்கே ஸ்டட் வெளியே கொஞ்சமாவது தெரிந்தால்தான் வெல்டு.

வெல்டு முடிந்ததும் உடனே ஸ்பானரைப் போடாதீர்கள். சிவப்பு அடங்கட்டும், மெழுகைத் தேயுங்கள், ஓரிரு நிமிடம் பொறுங்கள். பிறகு முடுக்கும் திசையில் ஒரு நூலிழை, கழற்றும் திசையில் ஒரு நூலிழை. அசைவு தெரிந்துவிட்டால் வென்றுவிட்டீர்கள், எண்ணெய் விட்டு அசைப்பைக் கூட்டிக்கொண்டே போங்கள். நட்டு மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தால் மனம் தளர வேண்டாம், இன்னொரு நட்டு வைத்து மறுபடி. பிய்ந்த ஒவ்வொரு வெல்டும் ஸ்டட்டுக்கு இன்னொரு சூடு கொடுத்திருக்கிறது. மூன்றாவது, நான்காவது நட்டில் வருவது சர்வ சாதாரணம்.

வெல்டிங் வசதி இல்லை, டிரில் போட்டுத்தான் ஆக வேண்டும். எப்படி?

வெற்றி தோல்வியெல்லாம் முதல் பஞ்ச் அடியில் முடிவாகிவிடும். உடைந்த முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும், அதில் பிட் எங்கே வழுக்கிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. டை கிரைண்டரால் முகத்தை மட்டமாக்கி, மையத்தைக் குறித்து, சென்டர் பஞ்ச் அடித்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, நடுவில் இல்லையென்றால் பஞ்சைச் சாய்த்து அடித்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அலுமினிய ஹெட்டில் மையம் தவறினால், பிட் கெட்டியான ஸ்டட்டை விட்டு மெதுவான அலுமினியத்துக்குள் நழுவும். அதற்குப் பிறகு அதை இழுத்து நேராக்க முடியாது.

நல்ல வழி, லேத் பட்டறையில் ஒரு சின்ன புஷ் கடைந்து வாங்குவது. வெளிவிட்டம் மேனிஃபோல்டின் துளைக்குள் பொருந்த வேண்டும், நடுவே 3 மில்லிமீட்டர் துளை. மேனிஃபோல்டையே பக்கத்து ஸ்டட்களில் மாட்டி, புஷ்ஷைச் செருகி, அதன் வழியாக டிரில் செய்தால் மையம் தானாக அமையும்.

முதலில் 3 மில்லிமீட்டர், பிறகு 5, கடைசியில் எம்8க்கு 6.8 (அதற்கு மேல் போகாதீர்கள், துளை மரையைத் தொடும்). எம்6 என்றால் கடைசி பிட் 5. வேகத்தைக் குறைத்து, கட்டிங் ஆயில் விட்டு, அழுத்தத்தைக் கூட்டுங்கள். வேகமாகச் சுற்றி லேசாகத் தேய்த்தால் ஸ்டட்டின் முகம் கெட்டிப்பட்டு, அடுத்த பிட்டின் முனை மழுங்கும். தலையில் 8.8 என்று (அது உறுதியின் அளவு) இருந்த போல்ட்டைச் சாதாரண ஹெச்.எஸ்.எஸ். பிட் துளைக்கும். 12.9 என்றால் கோபால்ட் பிட் வேண்டும்.

இடமரை டிரில் பிட் என்று ஒன்று உண்டு. டிரில் மெஷினை ரிவர்ஸில் ஓட்டி இதைப் போட்டால், துளை போடும் திசையே கழற்றும் திசை. சூடும் அதிர்வும் சேர்ந்து, துளை முடிவதற்குள்ளேயே ஸ்டட் பிட்டோடு சுற்றி வெளியே வந்துவிடுவது உண்டு. ஆன்லைனில் கிடைக்கிறது, ஒரு செட் வாங்கி வைத்தால் வீண்போகாது.

6.8 வரை சரியாக நடுவில் போட்டிருந்தால், மீதம் இருப்பது சுருள் கம்பி மாதிரி மெல்லிய மரை மட்டுமே. கூரான ஊசியால் நுனியை நெம்பிக் குறட்டால் இழுங்கள், சுருண்டு வெளியே வரும். பிறகு டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தப்படுத்துங்கள். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவிக்கொண்டால் பிசிறு அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஹெட்டின் போர்ட்களில் (காற்றும் புகையும் போகும் வாய்களில்) துணி அடைத்துவிட்டுத்தான் இதையெல்லாம் தொடங்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஈசி அவுட் போட்டால் சுலபமாக வந்துவிடாதா?

ஈசி அவுட் என்பது உடைந்த போல்ட்டின் நடுவே துளை போட்டுச் செருகிக் கழற்றும் திசையில் திருப்பும் கருவி. பெயரில்தான் ஈசி. முழு போல்ட்டாக, முழு விட்டத்தோடு, ஸ்பானரால் திருப்பியே அசையாமல் உடைந்த ஒன்று, நடுவே துளை போட்டு அதைவிட மெல்லிய ஒரு கருவியைச் செருகித் திருப்பினால் எப்படி வரும்? அதோடு கூம்பு வடிவ ஈசி அவுட் உள்ளே இறங்க இறங்க போல்ட்டை வெளிப்பக்கம் நெருக்கி இன்னும் இறுக்கும். கெட்டிப்படுத்திய எஃகு என்பதால் வளையாது, ஒடியும்.

அது உதவும் இடம் ஒன்று உண்டு: மரை பிடிக்காமல், அதிகமாக முடுக்கியதால் மட்டுமே உடைந்த போல்ட். அதை எடுக்க ஈசி அவுட்கூடத் தேவையில்லை, இடமரை பிட்டே போதும்.

ஈசி அவுட்டும் உள்ளேயே ஒடிந்துவிட்டதே!

இனிச் சாதாரண பிட் அதைத் தொடாது. கார்பைடு பர் வைத்துப் பொறுமையாகக் குடையலாம், கை நடுங்கினால் சுற்றியுள்ள அலுமினியம் போய்விடும். ஹெட்டை இறக்கி, ஸ்பார்க் எரோஷன் மெஷின் உள்ள இடத்துக்குக் கொண்டுபோவதுதான் நிம்மதி. மின்பொறியால் அரித்து எடுக்கும் மெஷின் என்பதால் எவ்வளவு கெட்டியான எஃகும் அதற்கு ஒன்றுதான். அச்சு செய்யும் டூல் ரூம்களில் இது இருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் கோயம்புத்தூரிலும் வெளிவேலைக்குச் செய்து தருபவர்கள் உண்டு. உடைந்தது எந்த மரை, எவ்வளவு ஆழம் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

சின்ன அலுமினியப் பாகம் என்றால் நாட்டு மருந்துக் கடை வைத்தியம் ஒன்று இருக்கிறது: படிகாரம். வெந்நீரில் கரையுமட்டும் படிகாரத்தைக் கரைத்து, பாகத்தை அதில் மூழ்கவிட்டு, கொதிக்காமல் சூடாகவே வைத்திருந்தால் எஃகை மெல்ல மெல்ல அரித்துக் கருப்புப் பொடியாக்கும், அலுமினியத்தை அவ்வளவாகத் தொடாது. நாள் கணக்கில் ஆகும். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பித்தளைத் தகட்டில் உடைந்த திருகாணியை எடுக்கச் செய்யும் வேலை இது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டிடம் பலிக்காது. பாகத்தில் வேறு இரும்பு புஷ், பேரிங் எதுவும் இருக்கக் கூடாது, அதையும் சேர்த்துத் தின்றுவிடும். வீட்டுச் சமையல் பாத்திரத்தில் செய்து வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

போல்ட் வந்துவிட்டது, ஆனால் மரை போய்விட்டது. அடுத்த சைஸ் போட்டுவிடலாமா?

பட்டறையில் முதலில் சொல்வது அதுதான். நான் ஒத்துக்கொள்வதில்லை. துளையைப் பெரிதாக்கினால் சுவர் மெலியும், மேனிஃபோல்டின் துளையையும் பெரிதாக்க வேண்டும், நாளைக்கு அதுவும் போனால் போக்கிடம் இல்லை. ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போடுங்கள். எம்8க்கு 8.3 மில்லிமீட்டர் துளை, அதற்கென்றே உள்ள டேப், பிறகு சுருளை ஏற்றி, மட்டத்துக்கு அரைச் சுற்று கீழே நிறுத்த வேண்டும். அடியில் இருக்கும் குறுக்குப் பட்டையை ஒடித்து வெளியே எடுங்கள். அலுமினியத்தில் இது பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும். துளை வாட்டர் ஜாக்கெட்டுக்குள் (கூலன்ட் ஓடும் உள்வழிக்குள்) திறக்கிறதா என்று ஒரு கம்பி விட்டுப் பாருங்கள், திறந்தால் போல்ட்டுக்கு மரை சீலர் தடவ வேண்டும்.

அம்பாசடருக்கு எம்8 டேப் போடலாமா? பார்க்க ஒன்றாகத்தான் இருக்கிறது.

கூடாது. அம்பாசடரின் பி.எம்.சி. இன்ஜினும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பிரிட்டிஷ் வம்சம், அங்குல மரை. இரண்டரை நூல் என்பது 7.94 மில்லிமீட்டர், எம்8க்கு மயிரிழை குறைவு. ஆனால் எம்8 மரையின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். யூ.என்.எஃப். மரையோ (அங்குல அளவில் பொடி மரை) ஓர் அங்குலத்துக்கு 24, அதாவது இடைவெளி சுமார் 1.06. எம்8 போல்ட் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். இன்னும் முடுக்கினால் இரண்டு மரையும் சேர்ந்து பாழ். ஸ்டட்களில் வார்ப்புக்குள் போகும் முனை பெரிய மரையாகவும் நட்டு ஏறும் முனை பொடி மரையாகவும் இருப்பதும் பிரிட்டிஷ் வண்டிகளில் வழக்கம். எனவே ஒரு முனையை மட்டும் அளந்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். பிற்கால அம்பாசடரின் இசுசு இன்ஜின், பத்மினி, மாருதி எல்லாம் மில்லிமீட்டர்தான். மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்று வாங்கிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. உடையாத பக்கத்து ஸ்டட் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ ஜோடி பார்த்துத் தருவார்கள்.

ஹெட்டை இறக்காமலே செய்ய முடியுமா?

டிரில் மெஷினை ஸ்டட்டுக்கு நேர்கோட்டில் பிடிக்க இடம் இருந்தால் முடியும். வண்டியின் பயர்வாலும் ஸ்டியரிங்கும் குறுக்கே நின்று மெஷினைச் சாய்த்துப் பிடிக்க வேண்டி வந்தால் இறக்கிவிடுங்கள். ஒரு ஹெட் கேஸ்கெட்டும் அரை நாளும் செலவு. கோணல் துளைக்கு ஆகும் செலவு அதைவிட அதிகம்.

ஸ்பார்க் பிளக், குளோ பிளக் இறுகினால்?

அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக்கை, இன்ஜின் கொதிக்கும்போது கழற்றாதீர்கள், மரையையும் உரித்துக்கொண்டு வரும். ஆறவிட்டு, கால் சுற்று திறந்து, எண்ணெய் விட்டு, திரும்ப மூடி, இப்படியே. டீசல் இன்ஜினில் ஸ்டார்ட் செய்யும்போது சூடேற்றும் குளோ பிளக் நேர் எதிர்: இன்ஜின் சூடாக இருக்கும்போது, டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி மேனுவலில் சொன்ன அளவைத் தாண்டாமல் முயலுங்கள். அந்த அளவில் விடவில்லையென்றால் நிறுத்துங்கள். அது மெல்லிய குழாய், உடைந்தால் நுனி சிலிண்டருக்குள் விழும்.

திரும்பப் போடும்போது அடுத்த முறைக்கு என்ன செய்து வைக்கலாம்?

பழைய ஸ்டட்டைத் திரும்பப் போடாதீர்கள், அது ஏற்கெனவே இழுபட்டது. மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட்டு போடுங்கள், ஸ்டட்டோடு துருவேறி ஒட்டாது. மரையில் ஆன்டி சீஸ் (மரை இறுகாமல் காக்கும் பசை) லேசாகத் தடவுங்கள்: எக்ஸாஸ்ட்டுக்குச் செம்பு கலந்தது சரிவரும். தடவினால் உராய்வு குறையும் என்பதால் முடுக்கும் அளவை நாலில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். எம்8க்கு உலர்ந்த நிலையில் சுமார் 25 நியூட்டன் மீட்டர் என்றால், பூசிய பிறகு 19 பக்கம். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் பளபளப்பாக இருக்கும், ஆனால் அரிப்பை அதிகப்படுத்தும். போட்டே தீருவேன் என்றால் ஆன்டி சீஸ் இல்லாமல் போடாதீர்கள்.

அடைபட்ட துளையில் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் காற்றடித்து வெளியேற்றிய பிறகு போல்ட்டை ஏற்றுங்கள். திரவம் நசுங்காது. முடுக்கும்போது அதற்குப் போக வழியில்லாமல் துளையின் அடிப்பக்கம் வெடிப்பு விட்ட பிளாக்குகள் உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடியுங்கள், உள்ளே இருப்பது முழுக்க முகத்துக்குத்தான் வரும்.